தொண்ணூத்தேழு, மேடம்

மே 9, ஞாயிறு

நாளை முதல் முழு ஊரடங்கு. இன்று கடைசி நாள் என்று மதுரையே தெருவில் நிற்கிறது. கொரோனாவுக்குப் பயந்து ஊரடங்கு, ஊரடங்குக்குப் பயந்து கூட்டம். இந்த ஜனங்களை என்ன சொல்ல!

இவர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் இருட்டும் வரை ஆட்கள் நின்றிருக்கிறார்கள். முகூர்த்தப்பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் மட்டும் பதினேழு பேராம்.

"ஒரு சேலைக்குப் பதினேழு பேரா?" என்றேன்.

"பொண்ணு ஒண்ணுதேன் டீச்சரம்மா. அபிப்பிராயம் பதினேழு."

முப்பது வருஷமாகச் சேலை விரித்துப் போடுகிறவர். யார் வந்து எந்தச் சேலையைத் தொட்டாலும் "இது உங்களுக்குன்னே நெய்ஞ்சது" என்பார், முகத்தில் ஒரு கோடு மாறாது. ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "இது பொய்யில்ல, மனசு நோகாமப் பேசுறது" என்று எனக்கே பாடம் எடுப்பார்.

எனக்கும் வேலை வந்துவிட்டது. மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவளை, வீட்டில் இருந்தபடி எங்கள் வார்டு நோயாளிகளுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுத் தனிமையில் இருக்கிறவர்களிடம் தினமும் காய்ச்சல் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கேட்டுப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

"போன்ல அதட்டுறதுக்கு ஆள் தேடிருக்காய்ங்க. சரியான ஆளத்தேன் பிடிச்சிருக்காய்ங்க" என்று சிரித்தார். சிரிக்கும்போதே இருமினார். தொண்டை கரகரப்பாம். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

மே 10, திங்கள்

இவருக்குக் காய்ச்சல், நூறு. டெஸ்ட் எடுக்க இருவரும் போய் வந்தோம். வரிசையில் இரண்டரை மணி நேரம். வந்து உட்கார்ந்து அறுபத்தெட்டு போன் பேசினேன். பாதிப் பேர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்களில் ஒருவர், "ஊசி போட வரச் சொல்லுவீங்க, அதானே?" என்று வைத்துவிட்டார்.

மே 12, புதன்

இவருக்குப் பாசிட்டிவ், எனக்கு நெகட்டிவ்.

வீட்டை இரண்டாகப் பிரித்தாயிற்று. குளியலறை சேர்ந்த உள்அறை அவருக்கு. கூடமும் அடுக்களையும் எனக்கு. உள்அறைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். சாப்பாட்டை அதில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட வேண்டும், பிறகு அவர் எடுத்துக்கொள்வார். பக்கத்துச் சந்துப் பக்கம் அவருக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, காற்றுக்குக் குறைவில்லை. போன மாதமே முன்யோசனையாக நான் வாங்கி வைத்திருந்த ஆக்ஸிஜன் பார்க்கும் மெஷினையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். கடைகளில் இப்போது அது கிடைப்பதே இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கதையை இங்கே எழுதி அழப் போவதில்லை. இரண்டே பேர் என்பதால் வீட்டைப் பிரிப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

மே 13, வியாழன்

காலையில் பட்டியலைத் திறந்தால் நாற்பத்தோராவது வரிசை: தனுஷ்கோடி, 54, ஆண். முகவரி எங்கள் வீட்டு முகவரி.

சுகாதார ஆய்வாளர் இப்ராகிம் சார், "சங்கடமா இருந்தா வேற டீச்சருக்கு மாத்திரலாம் மேடம்" என்றார். என் புருஷனை நானே விசாரித்துக்கொள்கிறேன் என்றேன். ஒன்பது மணிக்கு அடுக்களையிலிருந்து போன் செய்தேன்.

"வணக்கம். மாநகராட்சிக் கண்காணிப்பு மையத்துலருந்து பேசுறோம். தனுஷ்கோடிங்களா?"

"ஆமா மேடம், நான்தேன். உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

"ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தெட்டு, மேடம். வீட்டுல ஒரு அம்மா இருக்கு, உப்புச் சப்பில்லாம ரசம் வைக்கிது. அதுக்கு எதுவும் மாத்திரை குடுப்பீங்களா?"

"ருசி தெரியலன்னு எழுதிக்கிறேன். போன வைங்க."

போனிலும் கதவு வழியாகவும் ஒரே நேரத்தில் அவர் சிரிப்பு கேட்டது.

மே 14, வெள்ளி

தொண்ணூற்றாறு. இருமல் இருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. தன் கேஸ் எப்போது முடியும், மேடத்தை நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். கொழுப்பு.

மே 15, சனி

அடுத்த தெருவில் பாண்டீஸ்வரி என்று ஒருத்தி. அப்பளக் கம்பெனியில் வேலை, முப்பத்தாறு வயது. ஒரே அறை வீடு. நடுவில் பழைய சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் இவள், இந்தப் பக்கம் இரண்டு பெண் பிள்ளைகள். நான்கு நாளாக இவள் வரிசையில் ஆக்ஸிஜன் கட்டம் காலி. மெஷின் இல்லை. இப்ராகிம் சாரிடம் கேட்டால் அடுத்த வாரம்தான் வருமாம்.

இன்று அவளே, "லேசா மூச்சு வாங்குது மேடம்" என்றாள். பின்னாலிருந்து "அம்மா, அம்மா" என்று சத்தம். பிள்ளைகள் சேலையைத் தூக்கித் தூக்கி இவளை எட்டிப் பார்க்கிறார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அதுகளுக்கும் வந்துச்சுன்னா யாரு பாக்குறது? நாலு நாளாக் கேக்குறேன், மெஷின் இல்லாம நான் என்னத்த எழுதுறது? யாரு கையக் காலப் பிடிச்சாவது ஒண்ணு வாங்குங்க. நாளைக்கு நம்பர் இல்லாமப் போன எடுக்காதீங்க!"

அவள் அழுதாள். நான் போனை வைத்தேன்.

உள்ளிருந்து இவர் குரல்: "பாவம் டீச்சரம்மா, அந்தப் பிள்ளைய ஏன் இந்த விரட்டு விரட்டுற? கடையில இருந்தா வாங்க மாட்டாளா?"

"உங்களுக்கு எவ்வளவு காட்டுது, அதச் சொல்லுங்க."

"தொண்ணூத்தேழு, மேடம்."

மே 16, ஞாயிறு

அடித்தால்தான் அம்மி நகரும். பாண்டீஸ்வரி இன்று முதல் மணியிலேயே போனை எடுத்தாள். "மெஷின் கெடச்சிருச்சு மேடம்! யாரோ ஒரு சாரு குடுத்துவிட்டாருன்னு பால்காரரு கொண்டாந்து குடுத்தாரு. தொண்ணூத்திமூணு காட்டுது."

தொண்ணூற்றுமூன்று நல்ல எண் இல்லை. உடனே இப்ராகிம் சாருக்குச் சொன்னேன், அரை மணியில் டாக்டர் அவளிடம் பேசினார். குப்புறப் படுக்கச் சொல்லி, மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றார் இப்ராகிம் சார். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளைத் திட்டியது வீண்போகவில்லை.

கதவைத் தட்டி இவரிடமும் சொன்னேன்: "பாத்தீங்களா, திட்டுனா நடக்குது."

"நடந்துச்சுல்ல, நல்லதாப் போச்சு."

"உங்களுக்கு?"

"தொண்ணூத்தேழு."

மே 17, திங்கள்

இவர் தொண்ணூற்றேழு. பாண்டீஸ்வரி தொண்ணூற்றிரண்டு, பிறகு மாலையில் தொண்ணூற்றுநான்கு.

இன்று ஒரு திருடனைப் பிடித்தேன். பன்னிரண்டாவது வரிசை, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து நாளாகத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. எனக்குச் சந்தேகம் தட்டியது. பிராக்டிகல் வகுப்பில் தனி ஊசலை ஆட்டிவிட்டு நேரம் பார்க்கச் சொன்னால், சோம்பேறிப் பயல்கள் ஆட்டாமலேயே ஐந்து தடவைக்கும் ஒரே அளவை எழுதி நீட்டுவார்கள். நிஜமாக அளந்தால் எண் கொஞ்சமாவது ஆடும். ஆடாத எண், அளக்காத எண். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்.

"சார், உங்க மெஷின் என்ன கலர்?" என்றேன்.

"அது வந்து... வெள்ளை... நீலம்..."

மெஷினே இல்லை! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார் மனிதர். நான் கொடுத்த டோஸில் இனி ஜென்மத்துக்கும் பொய் சொல்ல மாட்டார். இதை இவரிடம் கதவு வழியாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உள்ளே சத்தமில்லை. தூங்கியிருப்பார்.

மே 18, செவ்வாய்

தொண்ணூற்றேழு. காஸ் தீர்ந்து சிலிண்டர் மாற்றினேன். எழுபத்தொரு போன்.

மே 19, புதன்

தொண்ணூற்றேழு. இன்று "மேடம்" கூட இல்லை. எண்ணை மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "தூக்கம்... பத்தல" என்றார். இட்லியில் இரண்டை அப்படியே ஸ்டூலில் திருப்பி வைத்திருக்கிறார். கடை இல்லை, பேச ஆள் இல்லை. நாளெல்லாம் நூறு பேரிடம் வாயடித்த மனுஷன், அடைந்து கிடந்தால் இப்படித்தான் முகம் தூக்கிக்கொள்வார்.

காலையில் பால்காரர் மாயாண்டி சந்துப் பக்கம் ஜன்னலில் நின்று, "இன்னமும் ஸ்டாக் வரலைங்கிறாய்ங்கண்ணே, நாலு மெடிக்கல்ல கேட்டுட்டேன்" என்று இவரிடம் சொல்வது காதில் விழுந்தது. என்ன ஸ்டாக் என்று கேட்டேன். இவர் "ஒண்ணுமில்ல" என்றார், மாயாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ரகசியம். பான்பராக்காகத்தான் இருக்கும். காய்ச்சல் விடட்டும், வைத்துக்கொள்கிறேன்.

மே 20, வியாழன்

ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். உள்ளே மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மூன்று தடவை. கதவைத் தட்டினேன், ஓங்கித் தட்டினேன். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. "ஏங்க, என்னங்க செய்யிது?" என்றேன். மறுபடி "ம்".

நூற்றெட்டுக்கு அடித்தேன், இப்ராகிம் சாருக்கு அடித்தேன். இருபது நிமிஷத்தில் வந்தார்கள். முழுக் கவச உடுப்போடு இரண்டு பேர் உள்ளே போனார்கள். தங்கள் மெஷினை மாட்டிப் பார்த்து ஒருவர் வெளியே குரல் கொடுத்தார், "அறுபத்தெட்டு!" என்று. இல்லை, தொண்ணூற்றேழு, நேற்றுக்கூடத் தொண்ணூற்றேழு என்று நான் கத்தினேன்.

"எந்த மெஷின்ல பாத்தீங்கம்மா? இங்க மெஷினே இல்ல."

கட்டில், தலையணைக்கு அடியில், அலமாரி எல்லாம் பார்த்தார்கள். இல்லை. முகத்தில் ஆக்ஸிஜனை மாட்டிப் படுக்கை வசத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

மே 21, வெள்ளி

மாயாண்டி காலையில் பாலை வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

"அண்ணேதேன் குடுத்துவிட்டாருக்கா. அந்த அப்பளக் கம்பெனிப் பிள்ள வீட்டுல குடுத்துரு, யாருன்னு சொல்லிறாதன்னாரு. எனக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, மெடிக்கல்ல வந்ததும் இன்னொண்ணு வாங்கிக் குடு, டீச்சருக்குத் தெரிஞ்சாச் சத்தம் போடுவான்னாரு. தெனமும் போய்க் கேட்டேங்க்கா. சாமி சத்தியமா தெனமும் கேட்டேன்."

பதினைந்தாம் தேதி சாயங்காலம், நான் பாண்டீஸ்வரியைத் திட்டி முடித்த பிறகு.

அடப்பாவி மனுஷா! ஊரிலுள்ளவளிடமெல்லாம் மனசு நோகாமப் பேசினாயே, என்னிடமுமா? ஐந்து நாள், ஒரே எண். பேங்க் மேனேஜரை ஐந்தாம் நாள் பிடித்துவிட்டேன் என்று உன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

திட்டக்கூட ஆள் எதிரில் இல்லை.

மே 22, சனி

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். நினைவு இருக்கிறதாம். காலையில் அவளுடைய நீலக் கவச உடுப்பைக் காட்டி, "இந்தக் கலரு உங்களுக்குன்னே நெய்ஞ்சது" என்றாராம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு டாக்டர் பேசினார். நுரையீரல் நிறையப் போய்விட்டது, இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், எதிர்முனையில் நான் இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

மே 23, ஞாயிறு

காலை ஏழு பத்துக்கு.

மே 24, திங்கள்

நான் வெளியே வரக் கூடாது என்பதால் என் தம்பி மட்டும் தத்தனேரி மயானத்துக்குப் போனான். உறை போட்டுக் கட்டித்தான் கொடுத்தார்களாம், திறக்கவில்லையாம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று வாசலில் தள்ளி நின்றபடியே சொன்னான். தெருவில் யாரும் வரவில்லை. வரக் கூடாது என்று தெரிந்தும் நாலு பேர் வருவார்கள் என்று கூடத்தில் ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தேன். சாயங்காலம் நானே சுருட்டி வைத்தேன்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தோராவது வரிசையில் இப்ராகிம் சாரே மாற்றி எழுதியிருக்கிறார்.

மே 26, புதன்

வேறு வேலை இல்லை, பட்டியலை மறுபடி வாங்கிக்கொண்டேன். பாண்டீஸ்வரியின் வரிசையை மட்டும் இன்னொரு டீச்சருக்கு மாற்றச் சொன்னேன். அவள் மேல் எனக்குக் கோபம். அவள் என்ன செய்வாள், கேட்டாளா, தெரியுமா அவளுக்கு? நியாயம் இல்லாத கோபம் என்று நன்றாகத் தெரிகிறது. தெரிந்தாலும் கோபம் கோபம்தான். அவள் விரலில் மாட்டியிருப்பது என் வீட்டு மெஷின்.

மே 29, சனி

அறுபது போன். சமைக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து உப்புமா கொடுத்துவிட்டார்கள், வாசலில் எடுத்துப் போட்டிருந்த அதே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் 3, வியாழன்

நண்பகலில் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மேடம், நான் பாண்டீஸ்வரி. மக போன்லருந்து பேசுறேன். ஏன் மேடம் என்னையக் கூப்பிடுறதே இல்ல? புது மேடம் நல்லாத்தேன் கேக்குறாங்க. ஆனாத் திட்டவே மாட்டேங்குறாங்க."

அவளே பேசினாள். சரியாகிவிட்டதாம். நேற்று எழுந்து சோறு வடித்தாளாம். "நீங்க அன்னைக்கு அந்தத் திட்டுத் திட்டலேன்னா நான் செத்துருப்பேன் மேடம். எம்பிள்ளைக அநாதையாப் போயிருக்கும். இந்த மெஷின யாருகிட்டத் திருப்பிக் குடுக்குறது? பால்காரர்ட்ட எத்தன தடவ கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அந்தச் சாரு கால்ல விழுந்து கும்பிடணும் மேடம்."

மறைத்துவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை.

"அது எங்க வீட்டுக்காரருது. இருவத்திமூணாந் தேதி தவறிட்டாரு."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். பிறகு அவள் அழுவது கேட்டது, வாய்விட்டு, இழவு வீட்டில் அழுவது போலவே அழுதாள். இந்தப் பதினோரு நாளில் இந்த வீட்டுக்காக யாரும் சத்தம் போட்டு அழவில்லை. என் கோபம் அந்த அழுகையோடு போய்விட்டது. நானும் அழுதேன்.

"தெரிஞ்சிருந்தா நான் வாங்கிருக்கவே மாட்டேனே மேடம். ஐயோ, என் குலசாமியே!" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியா மொகத்தையாவது பாத்தீங்களா மேடம்?"

"இல்லம்மா."

"ஆஸ்பத்திரியில விட்டுருக்க மாட்டாய்ங்க, பாவிக" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் திருத்தவில்லை. மெஷினைப் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் பழி இல்லை. மெஷின் மேலும் இல்லை. அவள் பிள்ளைகள் சேலையைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்த்தார்கள், அவர்களை நான் திட்டினேன். எட்டு நாள் நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போதும். உதடு நீலம் பாய்வதையும் தோள் ஏறி இறங்குவதையும் சொல்ல எந்த மெஷினும் வேண்டியதில்லை, அதற்கு நான் படித்த இயற்பியலும் வேண்டியதில்லை. என்னிடம் மாஸ்க் இருந்தது, கையுறை இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் வந்துவிடும் என்று பயந்தேன். பயத்தை விதிமுறை என்று சொல்லிக்கொண்டு, கூடத்துக்கும் உள்அறைக்கும் நடுவே போன் போட்டு விளையாடினேன். "ம்" என்ற சத்தம் கேட்ட பிறகும் உள்ளே போகவில்லை. வெளியாட்கள் வந்து திறக்கட்டும் என்று அடுக்களை வாசலில் நின்றேன்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.